மூன்று பற்றரி டோர்ச்சும் ஒரு கேள்வியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்து சென்றபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். மண்சரிவுகளும் வெள்ளமும் பறித்துச் சென்ற உயிர்களைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் நாம் நிறையவே எழுதிவிட்டோம். இன்னும் எழுத வேண்டியும் இருக்கிறது. இன்று நான் எழுதப் போவது அந்தப் பெருந்துயரின் ஓரத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சிறிய அனுபவத்தையும், அது கிளப்பிவிட்ட ஒரு கேள்வியையும் பற்றியது. கேள்வி மிகச் சாதாரணமானது. பழைய டோர்ச் லைட்டை மாற்றுவதா, வைத்திருப்பதா?

எங்கள் வீடு கண்டி நகருக்கு வெளியே, மலைச்சரிவொன்றை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் இருக்கிறது. கண்டியைச் சுற்றியுள்ள வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். முன்னால் பள்ளம், பின்னால் மண்மேடு. அன்றிரவு மின்சாரம் போய்விட்டது. மழை ஓயவில்லை. வீட்டில் ஒளிதரும் கருவிகள் நான்கு இருந்தன. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மீள்மின்னேற்றும் விளக்கு ஒன்று. அதை மாதக்கணக்கில் யாரும் தொடாததால் அதன் பற்றரி செத்துப்போயிருந்தது. பொலித்தீன் உறையில் பெரிய எண்கள் அச்சிட்டு விற்கப்பட்ட சிறிய எல்.ஈ.டி. டோர்ச் ஒன்று. அதன் ஆளி இரண்டு தடவை தட்டினால்தான் வேலை செய்யும், அன்று எத்தனை தடவை தட்டியும் எரியவில்லை. மூன்றாவது கைத்தொலைபேசி. அதில் மிஞ்சியிருந்த மின்னேற்றத்தை அழைப்புகளுக்காகக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நான்காவது, என் தந்தையாரின் மூன்று பற்றரி டோர்ச். தகர உடல், நிக்கல் பூச்சு உரிந்துபோன தலை, கண்ணாடியில் ஓர் ஓரத்தில் விரிசல். அது எரிந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால், 'பழையதுதான் கெட்டியானது' என்ற நீதி கிடைத்துவிடும். ஆனால் நடந்தது அவ்வளவுதான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த மஞ்சள் ஒளியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போய் மண்மேட்டைப் பார்த்தேன். மழைத்தாரைகளுக்கிடையே பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. சற்று நேரத்தில் மேல்வீட்டு இளைஞர் தலையில் கட்டும் எல்.ஈ.டி. விளக்கொன்றுடன் இறங்கி வந்தார். "அங்கிள், இங்கே பாருங்கள்" என்று அவர் காட்டிய இடத்தில், தாங்குசுவரின் நடுவில் சுவர் வெளித்தள்ளியிருந்தது. அதன் அடியிலிருந்து கலங்கிய நீர் புதிதாக ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது. நான் ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் நின்று பார்த்த அதே இடம். இரு குடும்பங்களும் அன்றிரவே பாடசாலைக் கட்டடத்துக்கு இறங்கிவிட்டோம். சுவர் விடிவதற்கு முன்னர் சரிந்தது. சமையலறையின் பாதியும் அதனோடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை.

மறுவாரம் மகள் கேட்டாள்: "அப்பா, தாத்தாவின் டோர்ச்சுக்கு எல்.ஈ.டி. பல்ப் போட்டுவிடுவோமா? இல்லாவிட்டால் அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவோமா?"

பதில் சொல்ல எனக்குச் சில நாட்கள் பிடித்தன. பத்திரிகைக்காரனுக்கு எதையும் அதன் ஆதியிலிருந்து தேடிப் பார்க்கும் வியாதி உண்டு.

பந்தமும் சூளும்

கண்டிக்கு இரவில் வெளிச்சம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எசல பெரஹராதான். இரும்புக் கூடைகளில் கொப்பராவை நிரப்பிக் கொளுத்தி, நீண்ட கம்புகளில் ஏந்திச் செல்லும் பந்தக்காரர்கள் இல்லாமல் அந்த ஊர்வலம் இல்லை. வீதி முழுவதும் மின்விளக்குகள் எரியும் இக்காலத்திலும் பந்தங்கள் எரிகின்றன. அங்கே ஒளி என்பது பார்ப்பதற்கான வசதி மாத்திரமல்ல, வழிபாட்டின் ஓர் உறுப்பு. அதை யாரும் 'மேம்படுத்த' நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டியதில்லை.

டோர்ச் லைட்டுக்குச் சிங்களத்தில் 'விதுலி பந்தம' என்று பெயர். மின்சாரப் பந்தம் என்பது அதன் பொருள். எங்கள் தமிழ் விஞ்ஞானப் பாடநூல்கள் அதை 'மின்சூள்' என்றன. சூள் என்பது தென்னோலையைக் கட்டிக் கொளுத்திக்கொண்டு நடப்பது. இரு மொழிகளும் தத்தம் பழைய நெருப்பின் பெயரையே புதிய கருவிக்குச் சூட்டியிருக்கின்றன. பரீட்சைத் தாளில் மின்சூள் என்று எழுதிய நாங்கள் வீட்டில் அதை டோர்ச் என்றே சொன்னோம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் ரோச் லைற் என்பார்கள்.

தோட்டத்துக்கு இந்த வரலாறு வேறு மாதிரியானது. என் தந்தையார் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். மலைநாட்டுத் தொழிற்சாலைகள் பலவற்றில், நகரங்களுக்கே மின்சாரம் ஒழுங்காக வராத காலத்தில், ஓடைநீரைக் குழாய்வழி இறக்கிச் சுழலியை இயக்கி மின்சாரம் எடுத்தார்கள். கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் சலிக்கவும் அந்த மின்சாரம் பயன்பட்டது. தொழிற்சாலையின் யன்னல்கள் இரவெல்லாம் ஒளிரும். அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த லயங்களில் குப்பிலாம்பு எரியும். தேயிலைக்குக் கிடைத்த வெளிச்சம் அதைப் பறித்த கைகளுக்குக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

இத்தனைக்கும் இந்நாட்டின் நீர்மின்சாரக் கனவு பிறந்ததே நம் மலைகளில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918இல் இலங்கையின் மின்வலுப் பொருளாதாரம் குறித்த தமது ஆய்வுரையைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளின் பின், 1953இல், அவர் மறைந்தார். மகாவலித் திட்டத்தின் கீழ் 1980களில் கொத்மலையும் விக்டோரியாவும் ரந்தெனிகலையும் எழுந்தன. விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையே விழுங்கிற்று. இவ்வளவுக்குப் பின்னரும், நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டியது 2010களின் நடுப்பகுதியிலேயே.

இடைப்பட்ட காலத்தில் குப்பிலாம்பு எத்தனை பேரைச் சுட்டது! மூடி பொருந்தாத போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும். சாய்ந்தால் தீ. பாயில் படுத்திருக்கும் குழந்தைகளும் நைலோன் துணி உடுத்த பெண்களுமே பெரும்பாலும் பலியானார்கள். அவர்களுக்குச் சிகிச்சையளித்து மனம் நொந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் குட்டையான, கனத்த, சாய்ந்தாலும் உருளாத, திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்துப் பரப்பினார். 1998இல் அவருக்கு ரொலெக்ஸ் விருது கிடைத்தது. வெளிச்சத்தை மேம்படுத்துவது என்றால் அதிகப் பிரகாசம் என்று மாத்திரம் நினைப்பவர்கள் அந்த விளக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். அது பழைய குப்பிலாம்பைவிட அதிக வெளிச்சம் தரவில்லை. ஆளைக் கொல்லாதிருந்தது.

டோர்ச் பிறந்த கதை

டோர்ச் லைட் பிறப்பதற்கு முதலில் கையில் தூக்கக்கூடிய பற்றரி வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரரான லெக்லான்ஷே 1866இல் அமைத்த மின்கலத்தில் திரவம் இருந்தது. கவிழ்த்தால் கொட்டும். ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் 1886இல் அதைப் பசையாக்கி நாகக் குவளைக்குள் அடைத்து உலர்கலமாக்கினார். நியூயோர்க்கில் டேவிட் மிசெல் என்பவர் காகிதக் குழாயொன்றுக்குள் உலர்கலங்களை வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் பல்பையும் தெறிப்பியையும் வைத்து அமைத்த கருவிக்கு 1899 ஜனவரியில் ஆக்கவுரிமை கிடைத்தது. அதை விற்ற கொன்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனமே பின்னாளில் எவரெடி எனப் பெயர் பெற்றது. முதலில் நியூயோர்க் பொலிசாருக்குச் சில டோர்ச்சுகளைக் கொடுத்து அவர்களிடம் பாராட்டு வாங்கினார்களாம். விளம்பர உத்தி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அமெரிக்கர்கள் அதை 'ஃபிளாஷ் லைட்' என்றதற்குக் காரணம் உண்டு. அக்காலக் கரியிழைப் பல்புக்கும் பலமற்ற பற்றரிக்கும் தொடர்ந்து எரியும் சக்தி இல்லை. ஒரு கணம் மின்னி அணைய வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும், மீண்டும் மின்ன வேண்டும். 1910ஆம் ஆண்டளவில் தங்குதன் இழை வந்த பிறகே அது ஒழுங்கான விளக்காயிற்று. அதன் பிறகு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அதில் அடிப்படை மாற்றம் எதுவும் நிகழவில்லை. என் தந்தையார் 1970களில் வாங்கிய டோர்ச்சை 1920களில் வாழ்ந்த ஒருவரிடம் கொடுத்தால் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பயன்படுத்தியிருப்பார்.

பற்றரி என்றாலே எவரெடி என்றும், ஒன்பது என்ற இலக்கத்துக்குள்ளால் பாயும் பூனை என்றும் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பூனைக்குப் பின்னால் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இந்தியாவில் எவரெடி பற்றரிகளையும் டோர்ச்சுகளையும் செய்து விற்றது யூனியன் கார்பைட் இந்தியா நிறுவனம். 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற தொழிற்சாலை அதே நிறுவனத்துடையது. 1994இல் அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்கியவர்கள் அசாமின் தேயிலைத் தோட்டங்களை வைத்திருந்த வில்லியம்சன் மேகர் குழுமத்தினர். தேயிலையும் டோர்ச்சும் இப்படி ஒரு வீட்டில் சேரும் என்று என் தந்தையாரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

வெளிச்சம் பகையான காலம்

1983 ஜூலையில் எனக்குப் பதின்மூன்று வயது. கண்டியில் கடைகள் எரிகின்றன என்ற செய்தி தோட்டத்துக்கு வந்த அன்று மாலை, தந்தையார் எங்களை அழைத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் இறங்கினார். இரண்டு இரவுகள் அங்கே கழிந்தன. கையில் இந்த டோர்ச்தான். ஆனால் அதை அவர் எரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, தங்கையின் காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்தபோது, டோர்ச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஆளியைத் தள்ளினார். விரல்களுக்கிடையே சிவப்பாகக் கசிந்த வெளிச்சத்தில் அம்மா அட்டையைப் பிடுங்கினார். அவ்வளவுதான். அந்தச் சிவப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

1988, 1989ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் வேறொரு பயம். விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு தரப்பு, எரிந்தது ஏன் என்று கேட்க இன்னொரு தரப்பு. இரவில் வீதியில் டோர்ச் அடித்துக்கொண்டு போனவர் யாராக இருந்தாலும் சந்தேகத்துக்குரியவரே. வடக்கிலோ 1990 முதல் டோர்ச் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும், ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்ததையும் அங்கு வாழ்ந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு சோடி பற்றரியின் பெறுமதி என்ன என்பதை விலைச்சீட்டில் அறிந்தவர்கள் ஒரு சாரார். சோதனைச் சாவடியில் அறிந்தவர்கள் இன்னொரு சாரார்.

பின்னர் வந்தவை மின்வெட்டுகள். 1996இன் வறட்சி, 2001-2002 காலப்பகுதி, இறுதியாக 2022. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, நீர்த்தேக்கங்களில் நீரும் போதவில்லை. அப்போதுதான் நம் வீடுகளுக்குள் எல்.ஈ.டி. விளக்குகள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்ந்தன. எது நல்லது, எது கெட்டது என்று பார்க்க அன்று யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. கிடைத்ததை வாங்கினோம்.

இழையிலிருந்து இருவாயிக்கு

எல்.ஈ.டி. என்பதைப் பாடநூல் 'ஒளிகாலும் இருவாயி' என்கிறது. பெயர் புதிதாகத் தோன்றினாலும் கருவி பழையது. சில பளிங்குகளில் மின்னோட்டம் பாயும்போது ஒளி தோன்றுவதை ஆங்கிலேயரான ஹென்றி ரவுண்ட் 1907இல் கவனித்து எழுதினார். ரஷ்யரான ஒலெக் லொசெவ் 1920களில் அதை ஆழமாக ஆராய்ந்தார். அவர் 1942இல் லெனின்கிராட் முற்றுகையின்போது பட்டினியால் இறந்தார். 1962இல் நிக் ஹொலொன்யாக் கட்புலனாகும் சிவப்பு ஒளியை உருவாக்கினார். வானொலிப் பெட்டியில் சிவப்புப் புள்ளியாக நாம் முதலில் கண்டது அந்த வம்சத்தைத்தான்.

வெள்ளை ஒளிக்கு நீலம் தேவைப்பட்டது. ஜப்பானில் அகசாகி, அமானோ ஆகியோரும், நிச்சியா என்ற நிறுவனத்தில் பணியாற்றிய நகமுராவும் அந்த முடிச்சை அவிழ்த்தனர். 1993இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி. வந்தது. அதன்மேல் மஞ்சள் நிறமாக ஒளிரும் பொஸ்பரைப் பூசினால் நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். 1996இல் அந்த வெள்ளை எல்.ஈ.டி. சந்தைக்கு வந்தது. 2014இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி எண்களுக்கு வருவோம். ஒளியின் அளவை லூமன் என்றும், செலவாகும் மின்வலுவை வாற்று என்றும் அளக்கிறார்கள். ஒரு வாற்றுக்கு எத்தனை லூமன் என்பதே ஒரு விளக்கின் வினைத்திறன். பழைய டோர்ச் பல்பு ஒன்று ஏறத்தாழ ஒரு வாற்றை விழுங்கிப் பத்து லூமன் அளவில் ஒளி தரும். மிகுதியெல்லாம் வெப்பம். 1996இன் முதல் வெள்ளை எல்.ஈ.டி. இதைவிடச் சிறப்பானதாக இருக்கவில்லை. வாற்றுக்கு ஐந்து லூமன்தான். ஆனால் அது வளர்ந்தது. ரொலண்ட் ஹைட்ஸ் என்ற விஞ்ஞானி, பத்தாண்டுக்கு ஒரு தடவை ஒரு லூமனுக்கான விலை பத்திலொன்றாகக் குறையும் என்றும், ஒரு எல்.ஈ.டி. தரும் ஒளி இருபது மடங்காகும் என்றும் 2000ஆம் ஆண்டளவில் கணித்தார். நடந்தது அதற்கு மிகவும் ஒத்தே இருந்தது. 2010இல் அமெரிக்க நிறுவனமான கிரீ தனது ஆய்வுகூடத்தில் வாற்றுக்கு 208 லூமனை எட்டியதாக அறிவித்தது. 2014இல் அந்த எண் 303 ஆயிற்று. கடையில் வாங்கும் நல்ல டோர்ச்சுகளில் உள்ளவை, கூடிய வலுவில் எரிவதால், வாற்றுக்கு நூறு முதல் நூற்றைம்பது வரை தருகின்றன.

இந்த எண்களிலேயே மகளின் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. இழைப் பல்பிலிருந்து எல்.ஈ.டி.க்கு மாறுவது பத்து மடங்கு பாய்ச்சல். அதே பற்றரியில் பத்து மடங்கு வெளிச்சம் பெறலாம். அல்லது அதே வெளிச்சத்தைப் பத்து மடங்கு நேரம் பெறலாம். ஆனால் இந்தப் பாய்ச்சல் இனி ஒருபோதும் திரும்ப வராது. நல்ல வெள்ளை ஒளிக்கு இயற்கை வகுத்த எல்லை வாற்றுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது லூமன் அளவிலேயே இருக்கிறது. இன்றைய நல்ல டோர்ச் அந்த எல்லையின் பாதி வழியை நெருங்கிவிட்டது. இனி வரக்கூடிய முன்னேற்றம் இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று.

அந்த இரண்டு மடங்கையும் கண் இரண்டு மடங்காக உணராது. ஒளி இரட்டித்தால் 'சற்றுக் கூடியிருக்கிறது' என்றுதான் நமக்குத் தோன்றும். தூரமும் அப்படியே. ஒரு டோர்ச் நூறு மீற்றர் எட்டுகிறது என்றால், இருநூறு மீற்றர் எட்ட நான்கு மடங்கு செறிவான ஒளிக்கற்றை வேண்டும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

ஆகவே என் முடிவுகள் இவை. இழைப் பல்பு உள்ள டோர்ச்சை நீங்கள் அவசர காலத்துக்காக வைத்திருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். 2000களின் தொடக்கத்தில் வாங்கிய, நீலம் பாய்ந்த ஒளி தரும் எல்.ஈ.டி. டோர்ச் இருந்தால், அதையும் மாற்றுவதில் நியாயம் உண்டு. கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வாங்கிய தரமான எல்.ஈ.டி. டோர்ச் கையில் இருந்தால், புதிய மாதிரி வந்துவிட்டது என்பதற்காகப் பணத்தைச் செலவிடத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல பற்றரிக்குச் செலவிடுங்கள்.

ஏனெனில் அன்றிரவு என் வீட்டில் தோற்றுப்போனவை எல்.ஈ.டி.கள் அல்ல. தோற்றது ஒன்றில் பற்றரி, இன்னொன்றில் ஆளி. மலிவான மீள்மின்னேற்றும் விளக்குகளில் இருப்பது பெரும்பாலும் சிறிய ஈய அமிலப் பற்றரி. அதை வெறுமையாக மாதக்கணக்கில் விட்டுவைத்தால் மீளாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது மின்னேற்ற வேண்டும். சாதாரண உலர்கலங்களை டோர்ச்சுக்குள் நிரந்தரமாக விட்டுவைத்தால் கசிந்து உலோகத்தை அரிக்கும். வெளியே எடுத்து, டோர்ச்சின் பக்கத்திலேயே வையுங்கள். விரலளவு லிதியம் கலங்களில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். 18650 எனப்படும் அந்த அளவுள்ள கலம் ஏறத்தாழ 3,500 மில்லியம்பியர் மணித்தியாலத்துக்கு மேல் கொள்வது அரிது. உறையில் பொய் சொல்பவர் உள்ளேயும் பொய்தான் வைத்திருப்பார்.

லூமன் எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 2009இல் அமெரிக்காவில் வகுத்த எஃப்.எல். 1 என்ற தரநிர்ணயம் ஒன்று உண்டு. அதன்படி 'எட்டும் தூரம்' என்பது ஒளி முழுநிலவின் அளவுக்குக் குறையும் இடம். 'எரியும் நேரம்' என்பது ஒளி தொடக்கத்தின் பத்திலொன்றாகும் வரை. நேர்மையான தயாரிப்பாளரின் பெட்டியில்கூட 'இருபது மணித்தியாலம்' என்றால் இருபது மணித்தியாலமும் ஒரே பிரகாசம் என்று பொருளல்ல.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையில் மூடுபனி இறங்கும்போது தலையில் கட்டிய விளக்கு கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரையைப் போட்டுவிடும். பனித்துளிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேரே நம் கண்ணுக்கே திரும்புவதே காரணம். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்துக்கொண்டால் பாதை தெரியும். கையில் பிடிக்கும் டோர்ச்சுக்கு இன்னும் இடமுண்டு என்பதற்கு அது ஒரு காரணம்.

எனினும், சரிவில் வாழ்பவர்களுக்கு வெளிச்சம் போதாமை ஆபத்து என்பதை நான் இப்போது மறுக்க மாட்டேன். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீர் ஊற்று, தெளிந்த நீர் கலங்குவது ஆகியன மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலந்தோறும் எச்சரிக்கிறது. இவை எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. மழையோ இரவிலும் பெய்கிறது. பத்து லூமனில் நான் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்பினேன். அந்த 'ஒன்றுமில்லை' பற்றி இன்றும் இரவில் நினைத்துக்கொள்கிறேன்.

தந்தையாரின் டோர்ச்

அதற்கு எல்.ஈ.டி. பல்பு வாங்கக் கண்டி நகரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பழைய பல்பின் அடிப்பாகத்துக்கு ஒத்த வடிவில் எல்.ஈ.டி. பல்புகள் இருக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டியவை இரண்டு. வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ மூன்று வோற்று வேண்டும். இரண்டு பற்றரி டோர்ச்சில், பற்றரி சற்றுத் தளர்ந்ததும், அந்த அளவு கிடைக்காது. ஆகவே அழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ள பல்பே அதற்குப் பொருந்தும். மூன்று பற்றரி என்றால் நாலரை வோற்று. அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, இழைப் பல்புக்குப் பற்றரியின் தலை எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல. இருவாயிக்கு அது பொருட்டு. திருப்பிப் போட்டால் எரியாது. பழைய தகர டோர்ச்சில் மிக அதிக வலுவுள்ள பல்பைப் போடுவதும் தவறு. எல்.ஈ.டி.யின் வெப்பம் வெளியேற அங்கே வழியில்லை.

பல்பை மாற்றுவதற்கு முன்னர் டோர்ச்சை முழுவதுமாகக் கழற்றித் துடைத்தோம். பின்மூடியைத் திருகியபோது, சுருள்வில்லின் நடுவில் சிறிய காகிதச் சுருளொன்று இருந்தது. அக்கால டோர்ச்சுகளில் மேலதிக பல்பு வைக்க அங்கே ஓர் இடம் உண்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். காகிதத்தைப் பிரித்தோம். உள்ளே பாவிக்காத பல்பு ஒன்று. தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள். பல்பு எரியாமல் போகும் ஓர் இரவை எதிர்பார்த்து அவர் அதை அங்கே வைத்திருக்கிறார்.

புதிய பல்பு வீட்டுச் சுவரில் வெள்ளை வட்டமொன்றை வீசியது. மகள் அதை எடுத்துக்கொண்டு பின்புறம் சென்று, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் தாங்குசுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. உள்ளங்கையால் டோர்ச்சின் முகத்தைப் பொத்திப் பார்த்தேன். விரல்களுக்கிடையே முன்னரைவிடப் பிரகாசமாகவே சிவந்தது. ஒளியை மறைக்க வேண்டிய தேவை அவள் காலத்தில் வராதிருக்கட்டும்.

தந்தையாரின் பல்பை அதே காகிதத்தில் சுற்றி, பின்மூடிக்குள் மீண்டும் வைத்துவிட்டோம். எல்.ஈ.டி. பல்பு பழுதாகும் இரவொன்றும் வரக்கூடும் அல்லவா?